பால்கார செல்லம்மா தெரு

பள்ளி ஆசிரியரான தனசிங் சாரின் மனைவி ரத்தினபாய்க்கு மூச்சுத்திணறல் வந்த அன்று, கூப்பிட்ட ஆம்புலன்ஸ் ரயில்பாதைக்கு அந்தப் பக்கம் இருந்த இன்னொரு செல்லம்மா தெருவுக்குப் போய்விட்டது. பக்கத்து வீட்டுக் காரில் கொண்டுபோய்ச் சேர்த்ததால் பிழைத்துக்கொண்டார்.

ஊர்களையெல்லாம் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சியான பிறகு, ஒரே பெயரில் தெருக்கள் பெருகிவிட்டிருந்தன. ரத்தினபாய் வீடு திரும்பியதும் தனசிங் நேராகக் கவுன்சிலர் ஹில்டாவிடம் போனார்.

"பேரை மாத்திடுங்கம்மா. ரோஜா அவென்யூன்னு வச்சா எல்லாருக்கும் சம்மதம்."

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் அந்தச் செல்லம்மா யாரென்று ஹில்டாவுக்குத் தெரியவில்லை. விசாரித்ததில், தெரு வெறும் மண்பாதையாக இருந்தபோது அங்கே எருமை வளர்த்துப் பால் ஊற்றியவர் என்று தெரிந்தது. "எப்பவோ போய்ச் சேர்ந்திருப்பாங்க" என்றார்கள். இஸ்திரி வண்டிக்காரர் மட்டும், "படப்பையில மக வூட்ல கீதும்மா" என்றார்.

சனிக்கிழமை ஹில்டா ஸ்கூட்டரில் படப்பைக்குப் போனார். வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த செல்லம்மா, விஷயத்தைக் கேட்டதும் தட்டைத் தள்ளி வைத்தார்.

"இன்னாம்மா இது? நான் குத்துக்கல்லாட்டம் உக்காந்துகினு கீறேன், அதுக்குள்ள பேர எடுக்குறீங்களா?"

மறுநாள் இதைப் பேச இருந்த தெருக்கூட்டத்துக்கு வந்தே தீருவேன் என்று நின்றார்.

கூட்டம் தனசிங் வீட்டில் காலியாகக் கிடந்த கார் ஷெட்டில். செல்லம்மா வந்து இறங்கியதும் தனசிங் முகம் வெளுத்தது. ஆம்புலன்ஸ் கதையைத் தயங்கித் தயங்கிச் சொன்னார். சண்டைக்கென்றே வந்த செல்லம்மா அதைக் கேட்டதும் அடங்கிப்போனார்.

"அய்யய்யோ, வாத்தியாரம்மாவுக்கா? எங்க அவங்க?"

யாரையும் கேட்காமல் உள்ளே போய்விட்டார். வெளியே எல்லோரும் காத்திருந்தார்கள். உள்ளேயிருந்து முதலில் பேச்சும், அப்புறம் இரண்டு பேரின் சிரிப்பும் கேட்டன. ரத்தினபாய் அப்படிச் சிரித்து வாரக்கணக்காயிற்று. தனசிங் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் ரத்தினபாய் செல்லம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"எங்க பையன் ஷெர்வின் பிறந்தப்ப எனக்குப் பால் பத்தலைங்க. எருமைப்பால் குழந்தைக்குச் செரிக்காதுன்னு இவங்கதான் விடியறதுக்கு முன்னாடியே மாட்டுப்பால் தேடிக் கொண்டுவந்து குடுப்பாங்க. பேரை எடுக்க வேணாம். கூட ஒரு வார்த்தை சேர்த்துட்டா ஆம்புலன்ஸுக்குக் குழப்பம் வராதில்ல?"

"எருமைக்கார செல்லம்மான்னு போடு" என்றார் செல்லம்மா உற்சாகமாக.

"ஐயோ, பாஸ்போர்ட்ல எல்லாம் வருமே!" என்று தனசிங் பதறினார். ஷெட்டே சிரித்தது. கடைசியில் 'பால்கார' என்பதில் சமாதானம் ஆனார்கள். ஹில்டா அதை மாநகராட்சி மன்றத்துக்குக் கொண்டுபோய்த் தீர்மானமாக்கினார்.

புதிய பலகை நட்ட அன்று ஹில்டா செல்லம்மாவுக்குச் சால்வை போர்த்தினார். போட்டோ எடுத்து முடிப்பதற்குள் அவர் அதைக் கழற்றி ரத்தினபாயின் தோளில் போட்டார்.

"எனக்கு வேர்க்குதும்மா. நீ போத்திக்கோ, உனக்குதான் சளி ஆவாது."