கழிமுகத்துப் புல்லும் செல்லையன் மூச்சும்

திருவேட்டக்குடி செல்லையனுக்கு மூச்சு நெஞ்சுக்குள் இல்லை, கழிமுகத்துக் கடற்புல்லில் இருக்கிறது. அவருடைய ஃபைபர் படகு முகத்துவாரத்தில் கவிழ்ந்த வருஷம், காலையில் மூழ்கியவர் உச்சிவெயிலுக்குத்தான் எழுந்து வந்தார். அதுவரை புல் விட்ட குமிழிகளைக் குடித்துக்கொண்டு அடியில் கிடந்தாராம். அன்றிலிருந்து வெயில் ஏற ஏற அவருக்கு மூச்சு ஏறும், பொழுது சாய்ந்தால் இளைக்கும். ஊர் அதைப் பெரிதுபடுத்தவில்லை. அந்த வருஷம் டீசல் விலைதான் பெரிய பேச்சு.

அவர் மனைவி அல்லி நெடுங்காட்டுக்காரி, நாற்று நட்டு வளர்ந்தவள். நான்காம் வருஷம் புல் வெளுத்து, செல்லையனுக்கு வாசல்படி ஏறவே மூச்சு வாங்கியபோது, அவளுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்: பயிர் வெளுத்தால் யூரியா. முழங்கால் தண்ணீரில் நின்று கூடை கூடையாக வீசினாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. புல்லின் மேல் பாசி மண்டி வெயிலை மறைத்தது. செத்த பாசி அடியில் அழுகி, சேறு கறுத்து, கூமுட்டையாய் நாறியது. செல்லையனுக்குப் பேச்சு நின்று சைகை மட்டும் மிஞ்சியது. தன் கையாலேயே புருஷனைக் கொல்கிறோமே என்று அல்லி அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்து அழுதாள்.

உட்கார்ந்த இடத்தில் என்னவோ குத்தியது. கவிழ்ந்த படகின் நங்கூரம், துருவேறிக் கிடந்தது. அதைச் சுற்றி ஒரு முழத்துக்கு மட்டும் புல் பச்சையாக நின்றது. கல்லூரி ஆராய்ச்சிக்காக அங்கே சேறு அள்ள வந்திருந்த மாணவி தஹ்ஸீன் குனிந்து பார்த்தாள்.

"சேத்துல ஊறுற நஞ்சு வேருக்குள்ள போயிடுதுக்கா. வேரு செத்தா புல்லு எதத் திங்கும்? துரு அந்த நஞ்சப் புடிச்சு வச்சுக்கும்."

"அப்ப நான் கொட்டுனது?"

"மூச்சு முட்டுறவனுக்குப் பந்தி வச்சிருக்கீங்க."

அல்லி முதலில் பாசியை வாரிக் கரையேற்றினாள். பிறகு ஆணி, தகரம், சைக்கிள் செயின், பிறந்த வீட்டு அரிவாள் என்று துருப்பிடித்ததெல்லாம் சேற்றுக்குள் போயிற்று. ஊரும் ஏன் எதற்கு என்று கேட்காமல் கொண்டுவந்து போட்டது. காயலான் கடைக்காரருக்குத்தான் மனத்தாங்கல். மாசி முடிவதற்குள் புல் துளிர்த்தது. செல்லையன் முதலில் சொன்னது, "இன்னுமா அழுவுற புள்ள?"

அதைக் கேட்டுத்தான் அவள் இன்னும் அதிகமாக அழுதாள்.

இப்போது நல்ல வெயிலில் அவர் வலை இழுக்கப் போகிறார். மப்பு போட்ட நாளில் யாரும் கூப்பிடுவதில்லை. அன்றைக்கு அல்லி அவர் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு பேருக்கும் சேர்த்து மூச்சு விடுகிறாள்.