மூன்று கால் கழுதை படத்துக்குள் வந்த கதை

டிசம்பர் வந்தால் டிவியில் தவறாமல் போடும் அந்தக் கிறிஸ்துமஸ் கார்ட்டூனில் கழுதை நான்தான். எனக்கு மூன்று கால். என்னை ஒட்டிச் சுடிதார் போட்ட பெண் ஒருத்தி நிற்பாள். பெத்லகேமில் சுடிதார் ஏது என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். கேட்கட்டும். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அவள் பெயர் ஜெசிந்தா. என்னை வரைந்தவள். வடபழனியில் ஒரு கார்ட்டூன் கம்பெனியில் வேலை. தொழுவத்துக்கு ஒரு கழுதை வேண்டும் என்றார்கள். அவளுக்குத் தெரிந்த கழுதை ஒன்றுதான். பெரம்பூரில் அவள் வீட்டுக் குடிலில் வருஷா வருஷம் வைக்கிற மண் பொம்மை. அதற்குப் பின்னங்கால் ஒன்று உடைந்துவிட்டது. சுவரில் சாய்த்துத்தான் வைப்பார்கள். என்னையும் ஒரு சுவரில் சாய்த்தே வரைந்தாள்.

மேனேஜர் தயாளன் பார்க்க வந்தார். படம் கொடுக்க வேண்டிய தேதி நெருங்கியதில் அவர் நாள்காட்டியாகிவிட்டிருந்தார். நெஞ்சில் இருபத்துநான்காம் தேதித் தாள்.

“நாலாவது கால் எங்கம்மா?”

“வீட்ல இருக்கு சார்.”

“எடுத்துட்டு வர்றதுதானே.”

“எங்க குடில்ல இடையர் கைல கோல் இல்ல சார். அதத்தான் குடுத்திருக்கோம்.”

“அப்ப கழுதைய அழிச்சிடு.”

ஜெசிந்தா அசையவில்லை. அவரே ரப்பரை எடுத்தார். அவசரத்தில் என்னை விட்டுவிட்டுச் சுவரை அழித்துவிட்டார். நான் சரிய ஆரம்பித்தேன். சரிந்த பக்கம் தீவனத் தொட்டியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

ஜெசிந்தா செருப்பைக் கழற்றிவிட்டுப் பேப்பருக்குள் வந்தாள். அவள் ஓட ஓடப் பேப்பர் நீண்டுகொண்டே போனது. அதற்கேற்ப நானும் மெதுவாகவே சரிந்தேன். டிபன் பையோடு வந்து தோளைக் கொடுத்தாள். நான் நின்றுவிட்டேன்.

“வலிக்குதாக்கா?” என்று கேட்டேன்.

“நீ மொதல்ல மூச்சு விடு.”

“வெளிய வாம்மா,” என்றார் தயாளன். “வந்து சுவத்த வரைஞ்சிட்டுப் போ.”

“வந்தா கழுதை விழுந்துடும் சார்.”

அவருக்கு வரையத் தெரியாது. யோசித்தார். யோசிக்கும்போதே ஒரு தாள் கிழிந்து விழுந்தது. இருபத்தைந்து வந்தது. விடுமுறை என்பதால் சிவப்பு.

“சரி, இப்படியே போகட்டும்,” என்றார். அவள் செருப்பை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுப் போனார். நல்ல மனுஷன்.

படம் அப்படியே போனது. பெரம்பூரில் அவள் அம்மா வருஷா வருஷம் டிவி முன்னால் உட்கார்ந்து, “சாப்டியாடி?” என்று கேட்பார். ஜெசிந்தா தலையாட்டுவாள். டிபன் பை உடனே கனத்துவிடும். திறந்தால் அம்மா சுட்ட அதிரசம். முதல் அதிரசம் எனக்குத்தான். நான் கழுதைதான், நன்றி கெட்டவன் இல்லை. சாப்பிடும்போது எனக்குக் கண் கலங்கிவிடும். அதையும் டிவியில் பார்க்கலாம்.

போன டிசம்பரில் கேட்டே விட்டேன்.

“ஒரு எட்டு வீட்டுக்குப் போய்ட்டு வாக்கா. நான் சமாளிச்சுக்கறேன்.”

அவள் என் மூன்று கால்களைப் பார்த்தாள். குழந்தையைப் பார்த்தாள்.

“தூங்குது, சத்தம் போடாத,” என்றாள்.

தோளை மாற்றிக்கொண்டாள்.