நூற்று நாற்பத்திரண்டு குதிரைகள்

ஜன்னல் கதவு சுவரில் அறைந்த சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. ஜிலாலி அப்போதுதான் எஞ்சினை அணைத்து, தண்ணீர் வாங்கலாமென்று மளிகைக் கடை வாசலில் காலை ஊன்றியிருந்தான். “மிலூத்!” என்று மேலிருந்து ஒரு பெண்குரல் வந்தது. ஹெல்மெட்டோடு நிமிர்ந்து பார்த்தான். இரண்டாம் மாடியில் வெள்ளை முக்காடு போட்ட ஒரு அம்மாள், இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாதி உடம்பு வெளியே தொங்க எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவனும் பார்த்தான். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் இவன் முகம் யாருக்கும் தெரியாது. அந்த அம்மாள் உள்ளே போனாள். சரி, ஆள் மாறிவிட்டது என்று புரிந்திருக்கும் என்று இவன் சாவியில் கை வைத்தபோது, கயிற்றில் கட்டிய ஓலைக் கூடை ஒன்று ஆடி ஆடி இறங்கி வந்து அவன் தோளுக்குப் பக்கத்தில் நின்றது. உள்ளே துணியால் முடிந்த ஒரு கிண்ணம். துணியை மீறி, கோதுமை ரவையை ஆவியில் வேகவைத்த குஸ்குஸின் வாசனை வந்தது. பக்கத்தில் ஒரு பாட்டில் மோர்.

“ஆறிடப் போகுது மகனே, எடுத்துக்கோ.”

வெள்ளிக்கிழமை மதியத் தொழுகை முடிந்து எல்லா வீட்டிலும் குஸ்குஸ் வேகும் நேரம். ஹெல்மெட்டைக் கழற்றி, “அம்மா, நான் அவன் இல்லை” என்று சொல்ல ஒரு நொடி போதும். கை தாடை வார் வரைக்கும் போனது. அங்கேயே நின்றுவிட்டது. கடைக்காரர் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, தக்காளியை அடுக்குவதற்காக முதுகைத் திருப்பிக்கொண்டார். ஜிலாலி கிண்ணத்தை எடுத்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினான். அங்கேதான் தப்புச் செய்தான். வேறு எதை வாங்கியிருந்தாலும் பரவாயில்லை. கிண்ணத்தை வாங்கினால் திருப்பித் தந்தாக வேண்டும். வெறும் கிண்ணமாகத் தருவது ஒரான் நகரப் பக்கத்தில் யாரும் செய்கிற காரியமில்லை.

மிலூத் என்றால் யார் என்று ஜிலாலிக்குத் தெரியும். அந்த மோட்டார் சைக்கிளை அவனிடமிருந்துதான் வாங்கியிருந்தான். செப்டம்பரில், எல் கெர்மா வாகனச் சந்தையில், ஒல்லியான ஒரு பையன் அந்தப் பச்சை வண்டியோடு ஒதுங்கி நின்றுகொண்டிருந்தான். முன்னால் காற்று மறைப்பு இல்லாத நேக்கட் வகை. எஞ்சின் முழுக்க வெளியே தெரியும், தோலுரித்த மிருகம் மாதிரி. விற்க வந்தவன் பேசிய தினுசு ஜிலாலிக்கு இன்னும் ஞாபகம் இருந்தது. “ஆயிரத்து நாப்பத்து மூணு சிசி, நாலு சிலிண்டர், நூத்தி நாப்பத்திரண்டு குதிரை. நின்ன இடத்துலேர்ந்து நூறு தொட மூணே செகண்டு. ஆறாவது கியர்ல அம்பதுல போய்க்கிட்டே முறுக்குங்க, முணங்காம இழுக்கும். இருநூத்தி இருபது கிலோ. ஆனா ஓட ஆரம்பிச்சா கனமே தெரியாது.” பள்ளிக்கூடத்தில் மனப்பாடப் பாட்டு ஒப்பிக்கிற மாதிரி ஒரே மூச்சில் சொன்னான். ஏன் விற்கிறாய் என்று ஜிலாலி கேட்கவில்லை. கடல் அமைதியாகக் கிடக்கும் செப்டம்பர் மாதத்தில் அவசரமாக வண்டி விற்கும் இளைஞனிடம் இந்த ஊரில் யாரும் அதைக் கேட்பதில்லை. எதிர்க்கரையில் வேறு தேசத்து அல்மேரியா இருக்கிறது, நடுவில் கள்ளப் படகில் ஒரு ராத்திரி இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் விலையைத்தான் குறைத்துக் கேட்பார்கள். ஜிலாலியும் குறைத்துக் கேட்டான். கிடைத்தது. சாவியைக் கொடுக்கும்போது பையன் டாங்கின்மேல் உள்ளங்கையை வைத்து, எடுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனான்.

அர்ஸேவ் எரிவாயு ஆலையில் நல்ல சம்பளம், கல்யாணம் இன்னும் ஆகவில்லை, வாரத்தில் ஒரு நாள் கடலோர மலைச்சாலையில் ஓட்ட ஒரு பெரிய வண்டி. ஜிலாலிக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். ஆனால் வண்டி இன்னும் பழைய ஆளுடையதாகவே இருந்தது. பிரேக் கைப்பிடி குட்டை விரல்களுக்கு ஏற்றபடி நெருங்கி இருந்தது. பின் ஸ்பிரிங், இவனைவிட லேசான ஒரு உடம்புக்காக இளக்கி விடப்பட்டிருந்தது. கண்ணாடியில் பார்த்தால் சாலைக்குப் பதில் தன் தோள்தான் தெரிந்தது. எல்லாவற்றையும் ஒரு மணி நேரத்தில் மாற்றிவிடலாம். மாற்றவில்லை. ஏனென்று அவனுக்கே சொல்லத் தெரியவில்லை. மெர்ஸ் எல் கபீர் துறைமுகத்துக்கு முன்னால் வரும் சுரங்கப்பாதையில் நுழைந்து முறுக்கும்போது மட்டும், சத்தம் சுவரில் மோதித் திரும்பி, பின்னால் இன்னொரு வண்டி ஒட்டிக்கொண்டு வருவது போலிருக்கும். கண்ணாடியைப் பார்ப்பான். தன் தோள்.

அடுத்த வெள்ளி கிண்ணத்தில் மாண்டரின் பழங்களை நிரப்பிக்கொண்டு போனான். இந்த முறை மேலே ஏறிப் போய் உண்மையைச் சொல்லிவிடுவது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தான். கடை வாசலில் வண்டி நிற்பதற்குள் கூடை இறங்கிவிட்டது. உள்ளே சூடாக இன்னொரு கிண்ணம். பழையதைப் போட்டுவிட்டுப் புதியதை எடுத்துக்கொண்டான். அதற்கடுத்த வாரம் காபித்தூள். அதற்கும் அடுத்து வறுத்த பாதாம். ஹெல்மெட் ஒரு முறையும் கழலவில்லை. மேலிருந்து, “மகனே, குளிருக்கு உள்ளுக்குள்ள பனியன் போடு” என்று சொல்வாள். “பழம் இனிப்பா இருந்துச்சு” என்பாள். இவன் தலையை ஆட்டுவான். வாயைத் திறந்தால் குரல் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆலையில் ஆள் குறைவென்று ஒரு வெள்ளிக்கிழமை வேலை போட்டுவிட்டார்கள். அடுத்த வாரம் போனபோது கடைக்காரர் முதல் முறையாக வாயைத் திறந்தார். போன வாரம் மேல்வீட்டு ஹாஜ்ஜா இருட்டும்வரை குளிரில் ஜன்னலிலேயே நின்றாராம். கீழே வந்து உட்காரச் சொல்லி இவர் கூப்பிட்டும் காதிலேயே வாங்கவில்லையாம். “நீங்க யாரோ, எவரோ. எனக்குத் தெரிய வேணாம்” என்றார் கடைக்காரர். “ஆனா வர்றதுன்னா வாங்க, இல்லேன்னா வரமாட்டேன்னு சொல்லிட்டுப் போங்க. செத்தவன் மாதிரி பாதி வந்து பாதி வராம இருக்காதீங்க.”

அன்றைக்கே ஜிலாலி பூஸியான் பட்டறைக்குப் போனான். ஊரில் பெரிய வண்டிகளுக்குக் கை வைக்கிற மெக்கானிக் பூஸியான். வண்டி வாசலில் நுழைவதற்கு முன்பே, திரும்பிப் பார்க்காமல், “மிலூத் வண்டி” என்றார். வேறெங்கோ நொறுங்கிக் கிடந்ததை வாங்கி வந்து, மின்வேலை செய்து கிடைத்ததையெல்லாம் போட்டு, இந்தப் பட்டறையில்தான் அவன் அதை ஒவ்வொரு துண்டாகக் கட்டினானாம். ஜிலாலி கூடையைப் பற்றிச் சொன்னான். பூஸியான் வேலையை நிறுத்திவிட்டு ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தார். மிலூத் ஏறிய கள்ளப் படகு பூஸெட்ஜார் கடற்கரைப் பக்கமிருந்து கிளம்பியது, அதில் போன ஒருவனிடமிருந்தும் தகவல் இல்லை என்றார். எதிர்க்கரையில் யாரும் பிடிபடவில்லை, யாரும் ஒதுங்கவும் இல்லை. பாலைவனத்தில் ஹாஸி மெஸூத் எண்ணெய்க் கிணற்றில் அவனுக்கு வேலை கிடைத்திருக்கிறது என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. அதை யார் கிளப்பினார்கள், அவன் அம்மா கைரா ஹாஜ்ஜா நம்புகிறாரா, தனக்குத் தெரியாது என்றார். வண்டி விற்றதாவது அந்த அம்மாளுக்குத் தெரியுமா என்று ஜிலாலி கேட்டான். பூஸியான் தோளைக் குலுக்கினார்.

“படகுல என்ன மோட்டார்ணே?”

“நாப்பது குதிரை. பழசு வேற.” புகையை விட்டார். “நூத்தி நாப்பத்திரண்டை வித்துட்டு நாப்பதுல ஏறினான் பாரு. முட்டாப்பய.”

அந்த நாற்பதை வாங்கிக் கொடுத்தது ஜிலாலியின் பணம். கொஞ்சம் கூடக் கொடுத்திருந்தால் நல்ல மோட்டாராக வாங்கியிருப்பானா என்கிற கணக்கு, ராத்திரி ஷிப்டில் அளவுமானிகளுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போது, கூப்பிடாமலே வந்து பக்கத்தில் உட்காரும். இப்போது இதுவும் சேர்ந்துகொண்டது. ஒரு தாயை, செத்துப்போன மகன் வாரா வாரம் வந்து சாப்பாடு வாங்கிப் போகிறான் என்று நம்ப வைத்துக்கொண்டிருக்கிறான். சொன்னால் அந்த அம்மாள் அங்கேயே விழுந்துவிடலாம். சொல்லாவிட்டால் சாகும்வரை கூடையை இறக்கிக்கொண்டிருப்பாள்.

அவனாகவே ஒரு வழி கண்டுபிடித்தான். அவள் கேட்பது சத்தத்தைத்தான். கண் அவ்வளவு தெரியாது என்று நினைத்தான், அந்த வயதில் யாருக்குத் தெரிகிறது. சத்தம் மாறிவிட்டால் அது மிலூத்தின் வண்டியே இல்லை. நான்கு குழாய்களையும் கழற்றிவிட்டு, ஊமை சைலன்சர் ஒன்று மாட்டச் சொன்னான். பூஸியான் ஒரு மாதிரி பார்த்தார். மாட்டினார். ஓட்டிப் பார்த்தபோது பின்பக்கம் உண்மையிலேயே அடங்கிப்போயிருந்தது, தையல் மிஷின் மாதிரி. கடைசிக் கிண்ணத்தைக் கடைக்காரர் மூலமாக அனுப்பிவிட்டு, அத்தோடு முடித்துக்கொள்வது என்று வெள்ளியன்று புறப்பட்டான். மெர்ஸ் எல் கபீர் ஏற்றத்தில் ஒரு பஸ் மறித்தது. தாண்டுவதற்காகக் கொஞ்சம் முறுக்கினான். தொடைகளுக்கு நடுவே, டாங்குக்கு அடியிலிருந்து, பழைய ஊளை அப்படியே எழும்பியது. கடை வாசலுக்கு வந்தபோது கூடை அந்தரத்தில் இறங்கிக்கொண்டிருந்தது.

கிண்ணத்தைக் கூடையில் போடவில்லை, புதியதை எடுக்கவுமில்லை. நேராகப் பட்டறைக்குத் திரும்பி, வண்டியைச் சாய்த்து நிறுத்தி, பூஸியானிடம் சத்தம் போட்டான். என்ன வேலை செய்தீர்கள், ஒன்றுமே குறையவில்லையே என்றான். பூஸியான் கோபப்படவில்லை. டாங்கின் மேல் விரலால் தட்டினார்.

“இந்த வண்டியோட குரல் பின்னாடி இல்ல தம்பி. காத்துப் பெட்டியில இருக்கு. வெளிய விடற சத்தத்தை அடைச்சுடலாம். இது உள்ள இழுக்கற மூச்சு. இதை அடைச்சா வண்டி செத்துடும்.”

அந்த வாரம் முழுக்க ஜிலாலிக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. ஆலையில் குழாய்க்குள் வாயு போகிற சீறல் கேட்டால் யாரோ மூச்சு இழுப்பது போலிருந்தது. தண்ணீருக்கு அடியில் மூச்சை இழுத்தால் என்ன உள்ளே போகும் என்று நினைத்து, குடித்துக்கொண்டிருந்த காபியைக் கீழே வைத்தான். பிரேக் கைப்பிடியைத் தன் விரலுக்குத் தள்ளி வைக்கலாமென்று திருப்புளியை எடுத்தான், பிறகு வைத்துவிட்டான். அவன் விரல்கள் அந்த நெருக்கத்துக்கே பழகியிருந்தன.

வெள்ளிக்கிழமை, ஓட்டத் தெரிந்த அளவு நிதானமாக ஓட்டிப் போனான். கடை வாசலில் எஞ்சினை அணைத்தான். ஹெல்மெட்டைக் கழற்றி டாங்கின்மேல் வைத்தான். காற்று காதில் பட்டதும் நிர்வாணமாக நிற்பது போலிருந்தது. கூடை இறங்கவில்லை. நிமிர்ந்து பார்க்கத் தைரியமில்லாமல் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு படியேறினான். அதில் பேரீச்சம்பழம் இருந்தது. இரண்டாம் மாடிக் கதவு அவன் தட்டுவதற்கு முன்பே திறந்தது.

அருகில் பார்க்கும்போது கைரா ஹாஜ்ஜா அவ்வளவு வயதானவளாக இல்லை. கண்கள் பளிச்சென்று இருந்தன. அவன் முகத்தை, ஜாக்கெட்டில் இருந்த ஆலையின் முத்திரையை, கையிலிருந்த கிண்ணத்தை வரிசையாகப் பார்த்தாள். கிண்ணத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போய், ஏற்கெனவே தட்டு வைத்திருந்த மேசையைக் காட்டினாள். ஜிலாலி உட்காரவில்லை. ஒத்திகை பார்த்ததெல்லாம் குழம்பிப்போய், அம்மா, நான் மிலூத் இல்லை, மன்னிச்சிடுங்க, இத்தனை வாரமா உங்களை ஏமாத்திட்டேன், சந்தையில நான்தான் வாங்கினேன், அதுவும் குறைச்சுக் கேட்டு வாங்கினேன் என்று தலைகால் இல்லாமல் கொட்டினான். அவள் குஸ்குஸ் பரிமாறிக்கொண்டே கேட்டாள். கரண்டி ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை.

“ஜன்னலைத் திறக்கற வரைக்கும்தான் மிலூத்” என்றாள். “மொத நாளே கீழ பாத்ததும் வேற ஆளுன்னு தெரிஞ்சுபோச்சு. எம்புள்ள காலு எனக்குத் தெரியாதா.”

ஜன்னல் கதவு திறந்திருந்தது. அதன் வழியே சாலையும், துறைமுகச் சுவரும், அதற்கப்பால் ஒன்றுமே எழுதாத தாள் மாதிரி கடலும் தெரிந்தன. கீழே பச்சை வண்டி சூடு ஆறும்போது உலோகம் டிக் டிக் என்று சொடுக்குவது இங்கே வரை கேட்டது. அப்படியென்றால் எதற்கு இவ்வளவு நாளாகக் கூடை, இருட்டும்வரை எதற்கு நின்றீர்கள் என்று ஜிலாலி கேட்டான். அவள் மோரை ஊற்றினாள். டம்ளர் நிறைந்து மேசைத் துணியில் வழிந்தது. அவள் பார்வை கடல் பக்கம் போகவே இல்லை, கீழே வண்டியின் மேலேயே இருந்தது.

“இந்த வண்டி வாரா வாரம் முழுசா திரும்பி வருதான்னு பாக்கத்தான்ப்பா. காலைப் பிடிச்சு அழுது அவனை இதை விக்க வச்சது நான்தான், இது அவனைக் கொன்னுடும்னு.”