லோகப்பிரியாவுக்கு எந்த குரூப்?

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை நான் பார்த்த ஒரு முகத்திலிருந்து வந்தது. 1996இல் பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பள்ளி, பத்தாவது முடித்த பிள்ளைகளுக்கு என்னென்ன வேலைகள் இருக்கின்றன என்று காட்ட அவர்களை இரும்பு வார்க்கும் ஒரு பவுண்டரிக்கு அழைத்துப்போனது. அங்கே ஒரு பெண் நின்ற நிலை இன்றுவரை எனக்கு மறக்கவில்லை. அவள் பேர் தெரியாது. லோகப்பிரியா என்று வைத்திருக்கிறேன்.

முதல் முயற்சி: மலைக்காற்று இதமாக வீசிய அந்தக் காலை வேளையில்

(வேண்டாம். பவுண்டரிக்குள் ஏது இதமான காற்று?)

2

வார்ப்பு ஊற்றும் நேரம். தரையில் வரிசையாக மண் அச்சுகள். இரண்டு பேர் பெரிய கரண்டியைத் தூக்கிவந்து சாய்த்தார்கள். இரும்பு தண்ணீர் மாதிரி ஓடியது. லோகப்பிரியாவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அப்பாவின் லேத் பட்டறையில் அவள் பார்த்ததெல்லாம் கெட்டி இரும்பு. அது இப்படி வெளிச்சமாக ஓடும் என்று யாருமே அவளிடம் சொல்லவில்லை. மற்ற பிள்ளைகள் சூடு தாங்காமல் பின்வாங்க, அவள் ஓரடி முன்னால் போனாள்.

"ஏனுங்க, சூடு பத்துமான்னு எப்படிங்க தெரியும்?"

"நெறத்தப் பார்த்தாத் தெரியும் அம்மணி," என்றார் மேஸ்திரி பாலுசாமி.

"தப்பாப் பார்த்துப்போட்டா?"

"அத்தனையும் வீணுதான். அளக்கறதுக்கு மிஷினெல்லாம் இருக்குதாம். இஞ்சினியருங்களக் கேக்கோணும்."

அங்கேயே அவள் முடிவு செய்துவிட்டாள், இஞ்சினியர்தான் என்று. அதற்குக் கணக்கும் இயற்பியலும் உள்ள முதல் குரூப் வேண்டும்.

[அடிக்குறிப்பு: பதினைந்து வயதில் ஒருத்திக்கு வாழ்க்கை இப்படிப் பளிச்சென்று புலப்படுமா என்று சந்தேகப்பட்டு, இந்த இடத்தை இரண்டு தடவை அடித்தேன். அந்த முகம் விடவில்லை. எனக்கு நாற்பதிலும் அப்படி ஒன்று வாய்த்ததில்லை என்ற பொறாமையும் உண்டு.]

3

திங்கட்கிழமை பிளஸ் ஒன் சேர்க்கை. மேஜைக்கு அந்தப் பக்கம் பாலகோபால் சார். இந்தப் பக்கம் அப்பா திருமூர்த்தியும் லோகப்பிரியாவும்.

எங்கள் ஊர் மரியாதையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். எதிரில் இருப்பவர் மனசில் என்ன இருக்கும் என்று ஊகித்து, அதையே நம் விருப்பம்போலச் சொல்லிவிடுவோம். அவருக்குச் சங்கடம் வரக் கூடாதல்லவா!

மகளை வெளியூர் அனுப்பி இஞ்சினியருக்குப் படிக்கவைக்கத் திருமூர்த்தி தயங்குவார் என்று சார் ஊகித்தார். "மூணாவது குரூப் போட்டுரலாமுங்களா? பி.காம். இங்கயே படிச்சுக்கலாமுங்க."

திருமூர்த்திக்கு மகளை இஞ்சினியராகப் பார்க்கத்தான் ஆசை. ஆனால் வாத்தியாரே சொல்கிறார், காரணம் இல்லாமலா இருக்கும்? "உங்களுக்குத் தெரியாததுங்களா? அதையே போட்டுருங்க."

சாருக்கு உள்ளுக்குள் சப்பென்று ஆகிவிட்டது. கணக்கில் தொண்ணூற்றெட்டு வாங்கிய பெண் அவள். இருந்தாலும் தகப்பன் விருப்பத்தில் தலையிட முடியுமா? படிவத்தை அவள் பக்கம் நகர்த்தினார். "உனக்குச் சம்மதந்தானே கண்ணு?"

மூன்று பேருக்கும் வேண்டியது முதல் குரூப். மூன்று பேரும் கைகோத்துக்கொண்டு மூன்றாவது குரூப்புக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

4

முடிவு அ: "சரிங்க சார்" என்கிறாள். பதினைந்து வருஷம் கழித்து அவள் ஒரு

(இதற்குமேல் எழுத மனசு வரவில்லை.)

முடிவு ஆ: "இல்லீங்க சார், எனக்கு முதல் குரூப்தான் வேணுமுங்க" என்கிறாள். பெரியவர்கள் இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் முகம் மலர்கிறது.

இதை எழுதிவிட்டுத் துள்ளிக் குதித்தேன். மறுநாள் படித்துப் பார்த்தபோது வெட்கமாகப் போயிற்று. அவள் மனசை ஊகித்து அவளுக்குப் பதிலாக நானே பேசியிருக்கிறேன். அந்த மேஜையில் மூன்றாவது பெரிய மனுஷனாக நானும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டு முடிவையும் அடித்துவிட்டேன். நீங்களும் அவளுக்கு எதையும் எடுத்துக்கொடுக்காதீர்கள். சார் கேட்டாயிற்று. அப்பா அவள் முகத்தைப் பார்க்கிறார். ஒரு நிமிஷம் நாம் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு இருப்போம். அவள் பேசப் போகிறாள்.