வழக்கமான இடத்திலிருந்து எடுத்துக்கொள்ளவும்

எங்கள் அலுவலகம் மட்டாஞ்சேரி பஜாரில் ஒரு மிளகுக் கிடங்கின் மாடியில் இருக்கிறது. கீழே ஒரு மூட்டையை அவிழ்த்தால் மேலே ஒன்பது பேரும் தும்முவோம். கொச்சியின் படகு நேரங்களைக் காட்டும் செயலி ஒன்றைப் பல ஊர்க்காரர்கள் சேர்ந்து எழுதுகிறார்கள். அதற்குத் தலைமை இங்கே. தலைமை என்றால் ராமபத்ரன் சார்.

இந்த அலுவலகத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக அவர் நாற்பத்தாறு பக்கத்தில் ஓர் ஆவணம் எழுதிவைத்திருக்கிறார். பெயர் 'நல்வரவு'. 'இதைப் படித்தவர் யாரையும் எதுவும் கேட்க வேண்டியிராது' என்பது முதல் வரி. அதிலுள்ள பன்னிரண்டு படிகளையும் முடித்துத் தன் கணினியில் செயலியை ஓடவைத்தவர், கடைசிப் பக்கத்தில் பெயரோடு ஒரு வரி சேர்க்க வேண்டும். அந்த வரிதான் இங்கே எல்லாரும் அனுப்பும் முதல் மாற்றம். முப்பத்தொரு பேர் சேர்த்திருந்தார்கள். முப்பத்தொன்றும் ஒரே வரி: 'ஆவணத்தின்படியே செய்தேன். எல்லாம் ஓடியது.'

நான் ஸாதனா. களமசேரியில் இருந்த நிரந்தர வேலையை விட்டுவிட்டு இங்கே சோதனைக் காலத்தில் வந்து சேர்ந்த புத்திசாலி. இரண்டு வாரத்துக்குள் நான் செய்த ஒரு மாற்றமாவது ஏற்கப்பட வேண்டும். இல்லையென்றால் இரண்டாவது வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். ஏற்கும் பொத்தான் ராமபத்ரன் சாரிடம் மட்டுமே உண்டு.

முதல் ஆறு படிகளை ஒரே காலையில் முடித்துவிட்டேன். ஏழாம் படி இது: 'வழக்கமான இடத்திலிருந்து அமைப்புக் கோப்பை எடுத்துக்கொள்ளவும்.' அந்தக் கோப்பு இல்லாமல் செயலி அசையாது. வழக்கமான இடம் எது? நாற்பத்தாறு பக்கத்தில் எங்கேயும் இல்லை. குழுவில் கேட்டேன். ராமபத்ரன் சார் ஏழாம் படி இருக்கும் பக்கத்தின் சுட்டியையே பதிலாக அனுப்பினார். நேரில் போய் நின்றேன். படித்தாயா என்று தன் பாணியில் கேட்டார்.

"டாக்குமென்ட் வாயிச்சியோ?"

"மூணு தடவை வாயிச்சேன் சார்."

"அப்போ நன்னா வாயிக்கலை. எல்லாம் அதிலே உண்டு. மனஸ்ஸிலாச்சோ?"

ஒரு வாரம் இப்படியே போயிற்று. முப்பத்தொரு பேருக்கு ஓடியது எனக்கு மட்டும் ஏன் ஓடவில்லை? எனக்குத்தான் மூளை போதவில்லை என்று நம்பவே ஆரம்பித்துவிட்டேன். அந்த ஒரு வாரத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

இரண்டாவது புதன்கிழமை, பக்கத்து மேசை செல்லதுரைக்கு என் முகத்தைப் பார்த்து இரக்கம் வந்தது. தென்காசிக்காரர், இங்கே நாலு வருஷமாக இருக்கிறார்.

"அவரு சாவிக்கொத்துல ஒரு பென்டிரைவ் தொங்குதுல்லா, அதுதான் வழக்கமான இடம். சாயா நேரத்துல ரெண்டு பழம்பொரி வாங்கிட்டுப் போ. கொஞ்ச நேரம் பேசுவாரு, கேட்டுக்கோ. அப்புறம் குடுத்துருவாரு."

"நீங்களும் அப்படித்தான் வாங்கினேளா?"

"முப்பத்தொரு பேரும் அப்படித்தான்."

"பின்னே ஏன் 'ஆவணத்தின்படியே செய்தேன்'னு எழுதினேள்?"

"அதை எழுதினாத்தானே பொத்தானை அமுக்குவாரு?"

"இடத்தை டாக்குமென்ட்லேயே எழுதிட்டா என்ன?"

"எழுதிட்டா அவருகிட்ட யாரு போவா?" என்றார் செல்லதுரை.

நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த அந்தப் பழம்பொரியோடு போனேன். பொறுமை, பணிவு, இந்தக் காலத்துப் பிள்ளைகள் என்று நாற்பது நிமிடம் உபதேசம். பிறகு சாவிக்கொத்து மேசைக்கு வந்தது. கோப்பை எடுத்துக்கொண்டேன். செயலி நாலே நிமிடத்தில் ஓடியது.

கடைசிப் பக்கத்தில் அந்தப் பொய்யை எழுத எனக்குக் கை வரவில்லை. கோப்பை எல்லாருக்கும் பொதுவான சேமிப்பிடத்தில் போட்டேன். ஏழாம் படியில் அந்த இடத்தின் முகவரியை எழுதினேன். அதையே என் முதல் மாற்றமாக அனுப்பினேன். வியாழக்கிழமை காலை பதில் வந்தது: 'நிராகரிக்கப்பட்டது. முப்பத்தொரு பேருக்குத் தெளிவாக இருந்ததை மாற்றத் தேவையில்லை.'

"ஒரு வரிதானே, எழுதிட்டுப் போயேன்," என்றார் செல்லதுரை. "வேலை நிக்கும்லா."

வேலை எனக்கு வேண்டும். மிகவும் வேண்டும். அன்று மாலை அந்த வரியை இரண்டு தடவை தட்டி இரண்டு தடவையும் அழித்தேன்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு ராமபத்ரன் சார் புது லாப்டாப்போடு வந்தார். காலையில் படகிலிருந்து இறங்கும்போது பை நழுவித் தண்ணீரில் விழுந்துவிட்டதாம். பழைய லாப்டாப், சாவிக்கொத்து, பென்டிரைவ் எல்லாம் அதில்தான் இருந்தன. வழக்கமான இடமே காயலில் மூழ்கிவிட்டது. மூன்று மணிக்குப் படகு நடத்துகிறவர்கள் ஆறு பேர் செயலியைப் பார்க்க வருகிறார்கள், அவர்தான் காட்ட வேண்டும்.

அவர் 'நல்வரவை'த் திறந்தார். ஆறு படி ஏறினார். பிறகு அந்தப் பக்கத்தை மேலும் கீழும் உருட்டிக்கொண்டே இருந்தார். அறையில் எல்லாரிடமும் அந்தக் கோப்பு இருந்தது. யாரும் வாயைத் திறக்கவில்லை, திரையைப் பார்த்தபடி மும்முரமாக வேலை செய்தார்கள். பழைய ஆட்களிடம் கேட்டால் முழு மானமும் போகும், புதியவளிடம் கேட்டால் பாதிதான் போகும் என்று கணக்குப் போட்டிருப்பார். இரண்டரை மணிக்கு என் மேசைக்கு வந்தார்.

"ஸாதனா, அந்த ஃபைல்..."

"சார், டாக்குமென்ட் வாயிச்சேளா?"

செல்லதுரை அவசரமாகத் தும்மினார். கீழே யாரும் மூட்டை அவிழ்க்கவில்லை.

"முந்தாநாள் அனுப்பினதை மறுபடி அனுப்பியிருக்கேன் சார்," என்றேன். "ஏத்துக்கோங்கோ. அப்புறம் ஏழாம் படியிலே எல்லாம் உண்டு."

தன் இடத்துக்குப் போனார். இரண்டு நாற்பத்தொன்றுக்கு என் திரையில் 'ஏற்கப்பட்டது' என்று வந்தது. என் வேலை பிழைத்தது. ஐந்து நிமிடத்தில் அவருடைய செயலியும் ஓடியது.

மூன்று மணிக்கு வந்தவர்களிடம் அவர் சொன்னார்: "இன்னைக்குக் காலம்பர வாங்கின புது லாப்டாப் இது. டாக்குமென்ட் மாத்ரம் வாயிச்சு எல்லாம் நானே சரியாக்கினேன். யார்கிட்டேயும் ஒண்ணும் கேக்கலை, கேட்டேளா!" வந்தவர்கள் கை தட்டினார்கள். எல்லாரும் தட்டும்போது நான் மட்டும் சும்மா இருக்க முடியுமா? தட்டினேன்.

மாலையில் கடைசிப் பக்கத்தைத் திறந்தால் முப்பத்திரண்டாவது வரி வந்திருந்தது: 'ஆவணத்தின்படியே செய்தேன். எல்லாம் ஓடியது. ராமபத்ரன்.' அந்தப் பட்டியலிலேயே உண்மையான வரி அது ஒன்றுதான். அதன் கீழே முப்பத்துமூன்றாவதாக நானும் ஒன்று எழுதி அனுப்பினேன்: 'ஏழாம் படியை எழுதியது நான். ஸாதனா.'

மூன்று வாரம் ஆகிறது. அவர் இன்னும் பொத்தானை அமுக்கவில்லை.