மூன்றாவது வெள்ளைத்தலை

தூரிகையின் நுனியிலிருந்து ஒரு சொட்டு மை பனியின் நட்டநடுவில் விழுந்தபோது மணி பத்தரை. பனி என்றால் தாள்தான். சீன மை ஓவியத்தில் பனியை நாங்கள் வரைவதில்லை. அந்த இடத்தைத் தொடாமல் விட்டுவிடுவோம். எதையும் செய்யாமல் விட்டுவிடுவதில் எனக்கு நல்ல பெயர் உண்டு. என்னை விவாகரத்து செய்த சியுயூனைக் கேட்டால் சொல்வாள். ஆனால் இந்தத் தாளில் கறை பட்டால் அழிக்க வழியில்லை.

அது மகள் யூலானின் கல்யாணப் படம். பனி மூடிய கிளையில் ஒரு ஜோடி வெள்ளைத்தலைக் குருவிகள். தலை நரைக்கும்வரை சேர்ந்திருங்கள் என்று அர்த்தம். அப்பா கையால் வரைந்தது வரும் என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லி வைத்திருக்கிறாள். கூடத்துச் சுவரில் ஆணிகூட அடித்தாயிற்று. படத்துக்குப் பட்டு ஒட்டிச் சுருளாக்கித் தருபவர் புத்தாண்டுக்காக மதிய ரயிலில் ஊருக்குப் போகிறார். அவர் கையோடு கொண்டுபோனால்தான் கல்யாணத்துக்குள் முடியும்.

பதற்றத்தில், முப்பது வருடப் பழக்கம் முந்திக்கொண்டது. சொட்டுக்கு அலகு வைத்தேன், வால் வைத்தேன். மூன்றாவது குருவி. நன்றாகவே வந்திருந்தது, அதுதான் வினை.

படத்தை வாங்கி ரயிலடியில் அவரிடம் சேர்க்க சியுயூன் பதினொரு மணிக்கு வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"யாரு இது, மூணாவதா?"

"சும்மா ஒரு குருவி. குளிருக்கு ஒதுங்கியிருக்கு."

"புருஷன் பொண்டாட்டிக்கு நடுவுல வந்து ஒதுங்குறவளுக்கு ஊர்ல 'மூணாவது'ன்னுதான் பேருன்னு தெரியாதா? சம்பந்தியம்மா பாத்தா போதும்."

"இன்னொண்ணு சேத்து நாலாக்கிடறேன்."

நாலு என்றாலே எங்கள் பேச்சில் சாவு என்று காதில் விழும்.

"அப்படியே ரெண்டு ஊதுபத்தியும் கொளுத்தி வெச்சிடு."

"சரி, ஆறு?"

"படமா கோழிப்பண்ணையா, லாவ் தாங்?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"நமக்கு நடுவுல மூணாவது ஆளே இல்லியே" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

"இருந்திருந்தா சண்டையாவது போட்டிருக்கலாம். நீதான் வாயே தொறக்க மாட்டியே." கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். "படத்துல சின்னக் குறை இருந்தாலும் போதும், பிரிஞ்சவங்க பொண்ணு இப்படித்தான்னு முடிச்சுப் போட்டுடுவாங்க. புதுத் தாளை எடு. நான் மை அரைக்கறேன்."

ஆறு வருடம் கழித்து அந்தச் சத்தம், கல்லில் மைக்கட்டி உரசும் சத்தம். என் கை நிற்கவில்லை. கிளை வந்தது, ஒரு குருவி வந்தது, அதை ஒட்டி இன்னொன்று. பதினொன்று ஐம்பது. தாள் சொதசொதவென்று இருந்தது.

"ஹேர் டிரையர் வெச்சிருக்கியா?"

"தலையில முடி இருந்தாதானே."

இப்போது சிரித்தாள், அரை வினாடி. ஜன்னலைத் திறந்தாள். கால்வாய்க் காற்று எலும்பில் இறங்கியது. தாளின் மேல் முனைகளை அவளும் கீழ் முனைகளை நானும் பிடித்துக்கொண்டோம். கீழே அவளுக்காகக் காத்திருந்த வாடகைக் கார் ஹாரன் அடித்தது. மறுபடி அடித்தது.

"விட்டுடாதே, மடங்கிடும்" என்றாள்.

"விடல."

எங்களுக்கு நடுவில் தாள் காற்றில் உப்பித் தாழ்ந்தது. ஈரம் காயாத இரண்டு குருவிகளும் அதோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.