அனல் வாரங்கள்

அலுவலகத்தில் அவளை எல்லோரும் ‘அட்டவணை அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்த தலைமை அதிகாரிகூட அப்படித்தான். நாட்டின் பெரிய ரக்பி தொடரில் பதினைந்து அணிகள். எந்த அணி எந்தச் சனிக்கிழமை எந்த மைதானத்தில் யாரோடு மோத வேண்டும் என்று பதினாறு வாரத்துக்கும் கட்டம் கட்டி வைப்பது அவள் வேலை. ஒரு கட்டத்தை நகர்த்தினால் மூன்று விமானம், நாலு ஹோட்டல், ஒரு தொலைக்காட்சி நிறுவனம் எல்லாம் கூடவே நகர வேண்டும். அதனால் அவளைக் கண்டால் பெரிய பெரிய ஆட்களும் கொஞ்சம் குழைந்துதான் பேசுவார்கள்.

அந்தத் தொடரில் கான்ஃபரன்ஸ் முறையைக் கொண்டுவந்ததே அவள்தான். ஆறு வருடம் ஆகிறது. பதினைந்து பேரையும் ஒரே பட்டியலில் போட்டுக் குழப்பாமல், பக்கத்துப் பக்கத்து ஊர்களாகச் சேர்த்து, ஐந்தைந்தாக மூன்று பிரிவு. பிரிவுக்குள் இருப்பவர்கள் இரண்டு தடவை மோத வேண்டும். வெளியே இருப்பவர்களில் சிலரோடு ஒரு தடவை, சிலரோடு கிடையவே கிடையாது. பிரிவில் முதலில் வருகிற அணிக்கு நாக்அவுட் ஆட்டம் சொந்த மைதானத்தில். கேள்விமுறை கிடையாது.

கேள்விமுறை இல்லாத இடத்தில்தான் கேள்விகள் முளைக்கும். இந்த வருடம் ஒரு சொத்தைப் பிரிவில் முப்பத்தாறு புள்ளி எடுத்த அணி முதலிடத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தது. கடினமான பிரிவிலோ நாற்பத்தேழு புள்ளி எடுத்தும் இரண்டாமிடம்தான். அவர்கள் மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு வெளியூர் போய் ஆட வேண்டும். பத்திரிகைகள் கிழி கிழியென்று கிழித்தன. இந்த முறை இந்த ஆட்டத்துக்குப் பொருந்துமா என்று முடிவு செய்யத் திங்கட்கிழமை அணி உரிமையாளர்கள் கூடுகிறார்கள்.

“பொருந்தும்னு எழுதிக் குடுங்க, அட்டவணை அக்கா” என்றார் தலைமை அதிகாரி. “ஏன் பொருந்தும்கிறத நீங்களே கண்டுபிடிச்சுக்குங்க.”

அவள் கஷ்டப்பட்டுக் கண்டுபிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. அட்டவணையின் கடைசி நான்கு வாரமே போதுமான காரணம். அந்த நான்கு வாரமும் ஆட்டங்கள் பிரிவுக்குள்ளேயே நடக்கும்படி வைத்திருந்தாள். பக்கத்து ஊர்க்காரன் பக்கத்து ஊர்க்காரனோடு மோதுவான், மைதானம் பிதுங்கும். கடைசி இரண்டு வாரமும் அதே இரண்டு அணிகள். ஒரு வாரம் அங்கே, ஒரு வாரம் இங்கே. அந்த நான்கு வாரத்துக்கும் ‘அனல் வாரங்கள்’ என்று பெயர் வைத்ததும் அவள்தான். தன் பிள்ளைக்குப் பெயர் வைத்தபோதுகூட அவ்வளவு யோசிக்கவில்லை என்று அவள் கணவர் கிண்டல் செய்வார். பதினோரு பக்கம் எழுதி முடித்திருந்தாள்.

அந்தப் புதன்கிழமை மதியம் தம்பி சாப்பிட வந்தான்.

துறைமுக அணியில் முன்வரிசை ஆள் அவன். ஸ்க்ரம்மில் எட்டுப் பேர் எட்டுப் பேரை முட்டித் தள்ளும்போது முதல் முட்டு அவனுடையது. நூற்றுப்பதினெட்டுக் கிலோ. அணியில் ‘பாறை’ என்பார்கள். அக்காவுக்கு இன்னும் தம்பிதான். மழை இடிக்குப் பயந்து அவள் போர்வைக்குள் புகுந்துகொண்ட பயல்தான்.

வந்ததும் ஜன்னல் பக்கம் இருந்த நாற்காலியை இந்தப் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். “மாமா எங்கக்கா?” என்றான்.

“வெளியூர் போயிருக்காரு. வெள்ளிக்கிழமை வந்துடுவாரு.”

முட்டையும் ரொட்டியும் வைத்தாள். இரண்டு வாய் தின்றான். “மாமா எங்க, காணோம்?”

“என்னடா, மாமா மேல திடீர்னு பாசம் பொத்துக்கிட்டு வருது? வெளியூர்டா.”

சிரித்தான். அவளும் சிரித்தாள். தண்ணீர் எடுத்துவரப் போனாள். திரும்பி வரும்போது அவன் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

“மாமா இன்னும் வரலயா?”

அவள் தம்ளரை மேசையில் வைத்தாள். அப்போதுதான் அவன் ஏன் நாற்காலியை இழுத்துப் போட்டான் என்பது அவளுக்கு உறைத்தது. வெயிலைப் பார்க்க முடியாமல் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தான்.

“போன வாரம் தலையில அடி பட்டுச்சாடா?”

“எங்க ஆட்டத்துல தலையில படாம வேற எங்க படும்?”

“விளையாடாத. டாக்டர் பாத்தாரா?”

“டீம் டாக்டர் பாத்தாரு. டெஸ்ட் எடுத்தாரு. பாஸ்.”

அந்த டெஸ்டின் லட்சணம் அவளுக்குத் தெரியும். பருவம் தொடங்கும் முன்னால், உடம்பு நன்றாக இருக்கும்போதே, ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் ஒரு டெஸ்ட் வைப்பார்கள். பத்து வார்த்தை சொல்லி, திருப்பிச் சொல் என்பார்கள். அந்த மதிப்பெண்தான் அளவுகோல். பிறகு அடிபட்டால் அதே டெஸ்டை வைத்து, மதிப்பெண் குறைந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஆட்டக்காரர்கள் லேசுப்பட்டவர்களா? முதல் டெஸ்டிலேயே வேண்டுமென்று சொதப்பி வைப்பார்கள். இதே மேசையில் உட்கார்ந்துதான் தம்பி அதைச் சொன்னான்: “பத்து வார்த்தையும் தெரியும். அஞ்சோட நிறுத்திக்கிட்டேன். இனி மண்டை உடைஞ்சாக்கூட நான் பாஸ்தான்.” அன்றைக்கு அவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். திருட்டுப்பயலே என்று அவன் தலையில் ஒரு தட்டும் தட்டினாள்.

“சனிக்கிழமை ஆடாதடா” என்றாள்.

அவன் கரண்டியைக் கீழே வைத்தான். “எஃகு அணியோட கடைசி ஆட்டம்க்கா. ஜெயிச்சா பிரிவு நமக்கு. தோத்தா வெளியூருக்கு ஓடணும். இந்த முறையப் போட்டதே நீதானே? எனக்கு வயசு முப்பத்திரண்டு. இதுல ஆடாம உக்காந்தா அடுத்த வருஷம் என்னை எவனும் சீந்த மாட்டான். நீ வாயத் திறந்தேன்னு வை, அதோட நமக்குள்ள பேச்சு முடிஞ்சுது.”

போகும்போது வாசலில் நின்று, “மாமாவக் கேட்டேன்னு சொல்லு, எங்க போனாரு அவரு?” என்றான்.

எப்படியோ அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தாள். அட்டவணையைத் திறந்து வைத்துக்கொண்டு வெறித்துப் பார்த்தாள். ஆட்டத்தை ஒரு வாரம் தள்ளிவைக்க முடியுமா? முடியாது. கடைசி வாரத்தில் எல்லா ஆட்டமும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டும், ஒருவர் முடிவைப் பார்த்து இன்னொருவர் கணக்குப் போடக் கூடாது. அது யார் போட்ட விதி? அவள் போட்ட விதி. துறைமுக அணியின் வரிசையில் ‘ஓய்வு நாள்: ஏழு’ என்று பச்சையாக இருந்தது. பயணத்துக்கும் கால் வலிக்கும் ஏழு நாள் போதும் என்று அவள்தான் பச்சை அடித்தாள். தலைக்கு எத்தனை நாள் என்று ஒரு பத்தி அதில் இல்லவே இல்லை.

அவள் பயந்தது மதிப்பெண்ணைப் பார்த்தல்ல. இரண்டு வருடத்துக்கு முன்பு ஆலை அணிப் பையன் ஒருவன் இப்படித்தான் முதல் அடி ஆறுவதற்குள் இரண்டாவது அடி வாங்கினான். பெரிய அடிகூட இல்லை, யாரோ தோளால் இடித்தது. எழுந்து நின்றான், இரண்டு எட்டு வைத்தான், மடிந்து விழுந்தான். அவள் மைதானத்தின் கண்ணாடி அறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இன்றுவரை அவன் தாய்தான் அவனுக்கு ஊட்டிவிடுகிறாள். அந்த முகத்தில் தம்பியின் முகத்தை வைத்துப் பார்க்காமலிருக்க அவள் என்னென்னவோ செய்தாள். முடியவில்லை.

வியாழக்கிழமை காலையில் தொடரின் தலைமை டாக்டர் அம்மாவின் அறைக் கதவைத் தட்டினாள். எல்லாவற்றையும் சொன்னாள், சிரித்ததையும் சேர்த்து.

டாக்டர் தம்பியை அன்றைக்கே வரச் சொன்னார். வந்தான். அக்கா மூலையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தான். முகத்தைத் திருப்பிக்கொண்ட விதம் போன ஜென்மத்துப் பகை போல் இருந்தது.

பத்து வார்த்தை சொன்னார் டாக்டர். ஆறு சொன்னான். பழைய மதிப்பெண்ணைவிட ஒன்று கூடுதல். கண்ணை மூடி ஒற்றைக் காலில் நின்றான். லேசாக ஆடினான், விழவில்லை.

“இப்ப எங்க இருக்கோம்?”

“உங்க ரூம்ல.”

“போன ஆட்டம் யாரோட?”

“எஃகு அணி.”

“ஜெயிச்சீங்களா?”

“தோத்தோம். அதனாலதானே சனிக்கிழமை உயிரக் குடுக்கப் போறோம்.”

டாக்டர் பேனாவை மூடினார். அக்காவைப் பார்த்து, “பயப்படாதீங்க. எல்லாம் சரியாத்தான் சொல்றாரு” என்றார். பரிதாபத்தோடுதான் சொன்னார். தம்பி ஜெயித்தவன் போல் சட்டையைச் சரிசெய்துகொண்டான்.

பயப்படாதீர்கள் என்றால் பயம் போய்விடுமா? டாக்டருக்குத் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரியும். போன வாரமும் எஃகு அணி, இந்த வாரமும் எஃகு அணி. சனிக்கிழமை யாரோடு என்று தெருவெல்லாம் சுவரொட்டி ஒட்டியிருக்கிறார்கள். போன வாரம் தோற்றதால் இந்த வாரம் ஜெயித்தே ஆக வேண்டும் என்று நாலு நாளாகத் தொலைக்காட்சி கத்திக்கொண்டிருக்கிறது. இந்த வாரத்தைப் படித்துவிட்டுப் போன வாரத்தைச் சொல்லிவிடலாம். வேறு எந்த முறையில் ஆடியிருந்தாலும் அந்தக் கேள்வி பிடித்துக் கொடுத்திருக்கும். இந்த முறையில் விட்டுவிடுகிறது. அப்படி அமைத்தவள் அவள்.

“நான் ஒண்ணு கேக்கலாமா, டாக்டர்?”

டாக்டர் தலையசைத்தார்.

“போன வாரம் எங்கடா ஆடினீங்க?”

“இங்கதான்” என்றான் தம்பி, எரிச்சலோடு. “நம்ம மைதானத்துல. நீகூட மூணாவது வரிசையில உக்காந்திருந்தியே. பச்சைச் சட்டை போட்டிருந்தே.”

போன வாரம் ஆட்டம் நடந்தது எஃகு அணியின் ஊரில். விமானத்தில் இரண்டு மணி நேரம். அவள் போகவேயில்லை. பச்சைச் சட்டையைப் போன வருடமே யாருக்கோ கொடுத்துவிட்டாள்.

தம்பி அவள் முகத்தைப் பார்த்தான். டாக்டர் முகத்தைப் பார்த்தான். கோபம் மெல்ல வடிந்தது. அந்த இடத்தில் வந்து உட்கார்ந்ததைப் பார்க்க அவளுக்குத் தாங்கவில்லை. நூற்றுப்பதினெட்டுக் கிலோவும் பயம்.

“தப்பாக்கா?”

அவள் எழுந்துபோய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். வீட்டிலிருந்து அலுவலகம் போகும் வழியைவிட அட்டவணை அவளுக்கு மனப்பாடம். பின்னாலிருந்து ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

“பதினஞ்சாவது வாரம். எஃகு அணி, அவங்க ஊர்ல. ரெண்டு மணி நேரம் ஃப்ளைட்ல போனீங்க.”

அவன் யோசித்தான். தலையை ஆட்டினான். இல்லை.

“சரி, பதினாலு. பாலத்து அணி. இங்க. கடைசி நிமிஷத்துல ஜெயிச்சீங்க. உன்னத் தோள்ல தூக்கினாங்கடா.”

“என்னையா?”

டாக்டர் பேனாவை மறுபடி திறந்தார்.

“பதிமூணு” என்றாள். “ஆலை அணி. அவங்க ஊர்ல. உனக்கு முழங்கை கிழிஞ்சு ஆறு தையல்.”

அவன் முழங்கையைத் திருப்பிப் பார்த்தான். தையல் பிரித்த தழும்பு இளஞ்சிவப்பாக இருந்தது. விரலால் தடவினான். யாரோ கொடுத்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பது போல் அதைப் பார்த்தான்.

“பன்னெண்டு. சுரங்க அணி. வேற பிரிவு. மழை.”

“ஆமா! மழை!” முகம் மலர்ந்துவிட்டது அவனுக்கு. “பந்து சோப்புக்கட்டி மாதிரி வழுக்குச்சு. நீ குடை இல்லாம நனைஞ்சு, மாமாகிட்ட திட்டு வாங்கின. எல்லாம் ஞாபகம் இருக்கு!”

சிரித்துக்கொண்டே சொன்னவன், சிரிப்பு அடங்காமலே விரல் விட்டு எண்ணத் தொடங்கினான். பதிமூன்று, பதினாலு, பதினைந்து. மூன்று விரல் நீட்டியபடி நின்றன. அடி போன வாரம் பட்டதல்ல. அனல் வாரங்கள் தொடங்கிய அன்றே எங்கோ பட்டு, அதன்மேல் பட்டு, அதற்கும் மேல் பட்டிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் பாஸ்.

“அக்கா.” இடிக்குப் பயந்த பயலின் குரல் அது. “இந்த மூணு வாரமும் நான் எங்க இருந்தேன்?”

அவளுக்குத் தெரியும். ஊர் தெரியும், மைதானம் தெரியும், எத்தனை மணிக்குக் கதவு திறந்தார்கள் என்பதுகூடத் தெரியும். அந்த மூன்று விரலையும் சேர்த்துத் தன் கைக்குள் பிடித்துக்கொண்டாள்.

“எல்லா ஆட்டமும் ஆடினே, தம்பி” என்றாள். “நான்தான் போட்டேன்.”